அயலூருக்கு ஒரு பாதை: குரோய்டன் ட்ராம் வண்டி எமக்குச் சொல்லும் செய்தி

இலண்டன் மாநகரின் புகையிரத வரைபடத்தை எடுத்து நோக்குபவர்க்கு ஓர் உண்மை உடனே புலப்படும். பாதைகளுள் பெரும்பாலானவை நகரின் நடுவிலிருந்து புறப்பட்டு வெளியே ஓடுகின்றன. விக்ரோறியா, லண்டன் பிரிட்ஜ், வாட்டர்லூ ஆகிய பெரு நிலையங்களை நோக்கியே அவை மீண்டும் திரும்புகின்றன. சிலந்தி வலையில் நடுவிலிருந்து விரியும் இழைகளும் உண்டு, அவற்றைக் குறுக்கே பிணைக்கும் இழைகளும் உண்டு. தென் இலண்டனிலோ முதல்வகை இழைகள் நிறைந்திருக்க, இரண்டாம் வகை இழைகள் மிகச் சிலவாகவே உள்ளன.

இதன் விளைவு யாது? பத்து மைல் தொலைவிலுள்ள நகர நடுவை விரைவில் அடையும் ஒருவர், நான்கு மைல் தொலைவிலுள்ள அயலூரை அடைய ஒரு மணித்தியாலம் செலவிட நேரிடுகின்றது. யாழ்ப்பாணத்து வழக்கில் சொல்வதாயின், சுன்னாகத்திலிருந்து மானிப்பாய்க்குச் செல்ல விரும்புபவர் உடுவில் வழியாகச் செல்லாது, யாழ் நகருக்குப் போய்த் திரும்பி வருவதற்கு ஒப்பானது இது. எமது ஊர்களில் குறுக்கு வீதிகளும் சந்திகளும் இருந்தமையால் அத்தகைய வீண்பயணம் எமக்குத் தேவைப்படவில்லை. புகலிடம் தேடி வந்த இப்பெருநகரிலேதான் அதனை நாம் முதன்முதலாக அனுபவித்தோம்.

இக்குறையைத் தீர்ப்பதற்கு இலண்டனில் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது குரோய்டன் ட்ராம் சேவையாகும். எம்மவர் செறிந்து வாழும் பகுதிகளினூடாகவே அது ஓடுகின்றது. ஆயினும் அது எவ்வாறு உருவாயிற்று, எங்கே நின்றுபோயிற்று என்பன பற்றி எம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

குரோய்டனின் நிலை

2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி குரோய்டன் நகரப் பிரிவின் சனத்தொகை 390,800. இலண்டனின் நகரப் பிரிவுகளுள் அதிக மக்கள் வாழ்வது இதுவே. ஆங்கிலத்திற்கு அடுத்தபடியாக இங்கு பேசப்படும் மொழிகளின் முன்வரிசையில் தமிழும் உள்ளது. இத்துணை மக்கள் வாழ்ந்தும் நிலக்கீழ்ப் புகையிரதம் குரோய்டனை எட்டவில்லை. நோதேர்ன் மார்க்கம் மோர்டனுடன் முடிந்துவிடுகின்றது.

ஈஸ்ட் குரோய்டன் நிலையத்திலிருந்து விக்ரோறியாவிற்கு விரைவு வண்டியில் ஏறத்தாழ இருபது நிமிடங்கள் போதும். நகர நடுவில் அலுவலகத் தொழில் புரிவோருக்கு இது பெருவசதி. ஆனால் அகதிக் குடும்பங்களின் வாழ்வு நகர நடுவை நோக்கி அமைந்ததன்று. மிட்சத்தில் வீடு, குரோய்டனில் வேலை, விம்பிள்டனில் கோவில், ரூட்டிங்கில் மரக்கறிக் கடை, சட்டனில் உறவினர், சனிக்கிழமைகளில் பிள்ளைகளின் தமிழ்ப் பாடசாலை என்றவாறு எமது வாழ்க்கை பக்கவாட்டில் பரந்து கிடக்கின்றது. மகிழுந்து இல்லாத வீடுகளில் இச்சுமை முழுவதும் பெண்களின் தலையிலும் முதியோரின் கால்களிலுமே விழுகின்றது.

பழைய தண்டவாளமும் புதிய வண்டியும்

குரோய்டனுக்கு ட்ராம் புதிய பொருள் அன்று. பழைய ட்ராம் வண்டிகள் 1951 ஆம் ஆண்டுவரை அங்கு ஓடின. 1952 யூலையில் இலண்டன் முழுவதிலும் அவை நிறுத்தப்பட்டன. பேருந்தும் மகிழுந்துமே எதிர்காலம் என்று அன்று நம்பப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழிவதற்குள் வீதிகள் நெரிசலால் திணறின.

அதே காலத்தில் குரோய்டனைச் சுற்றிச் சில சிறு புகையிரதப் பாதைகள் பயணிகள் குறைந்து நலிந்து கொண்டிருந்தன. விம்பிள்டனிலிருந்து மிட்சம் ஊடாக வெஸ்ட் குரோய்டன் செல்லும் பாதை 1855 இல் திறக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி, 1803 இல் வான்ட்ஸ்வேர்த்திலிருந்து குரோய்டன்வரை குதிரைகள் இழுத்த சரக்கு வண்டிகளுக்காக அமைக்கப்பட்ட சறே இருப்புப்பாதையின் தடத்தைத் தழுவியது. கிழக்கே எல்மர்ஸ் என்ட், அடிஸ்கம் பக்கமாகவும் இவ்வாறான கிளைப் பாதைகள் இருந்தன. இவற்றில் சேவை அரிது. நிலையங்களும் நகர மத்தியைத் தொடாது ஒதுங்கியிருந்தன.

குரோய்டன் கவுன்சிலும் அந்நாளைய இலண்டன் போக்குவரத்து நிறுவனமும் இணைந்து வகுத்த திட்டத்தின் கருத்து எளிமையானது. நலிந்த இப்பாதைகளை எடுத்து, நகர மத்தியில் வீதிவழியே தண்டவாளம் பதித்து, ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால், புதிதாக நிலம் பெருமளவில் கொள்ளாமலே அயலூர்களை இணைக்கும் சேவையொன்று கிடைத்துவிடும். பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட இத்திட்டம் 1994 யூலையில் குரோய்டன் ட்ராம்லிங்க் சட்டமாக நிறைவேறியது. 1996 இல் தனியார் கூட்டு நிறுவனம் ஒன்றிற்கு 99 ஆண்டு ஒப்பந்தம் வழங்கப்பட்டது. 1997 மே 31 ஆம் திகதியுடன் விம்பிள்டன் - வெஸ்ட் குரோய்டன் புகையிரதம் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 20 கோடிப் பவுண் செலவில் அமைந்த புதிய சேவை 2000 மே மாதத்தில் கட்டங்கட்டமாகத் திறந்துவைக்கப்பட்டது.

மேற்கே விம்பிள்டன், கிழக்கே எல்மர்ஸ் என்ட், பெக்கன்ஹாம் ஜங்ஷன், தென்கிழக்கே நியூ அடிங்டன் ஆகிய நான்கு முனைகளும் குரோய்டன் மத்தியில் வந்து சந்திக்கின்றன. மொத்த நீளம் 28 கிலோமீற்றர். தரிப்பிடங்கள் 39. 2013-14 நிதியாண்டில் இச்சேவையில் மேற்கொள்ளப்பட்ட பயணங்கள் மூன்று கோடிக்கும் அதிகம்.

தனியார் ஒப்பந்தம் நீண்டகாலம் நிலைக்கவில்லை. இலண்டன் போக்குவரத்து நிறுவனமான ரி.எவ்.எல். கட்டண முறையை மாற்றியபோது அதற்காகத் தனியார் நிறுவனத்திற்கு இழப்பீடு வழங்க வேண்டியிருந்தது. ஈற்றில் 2008 இல் ரி.எவ்.எல். அந்நிறுவனத்தை 9 கோடியே 80 இலட்சம் பவுணுக்கு வாங்கிக்கொண்டது. பேருந்துக்கும் ட்ராமுக்கும் ஒரே கட்டணம் என்ற ஏழைகளுக்குகந்த ஏற்பாடு தடையின்றித் தொடர்வதற்கு இக்கொள்வனவு வழிவகுத்தது.

மலைமேற் குடியிருப்பு

இச்சேவையின் பயனை அறிய விரும்புபவர் நியூ அடிங்டனை நோக்கவேண்டும். 1930 களில் தொடங்கி, போருக்குப் பின் கவுன்சில் வீடுகளால் விரிவடைந்த பெருங்குடியிருப்பு அது. மேட்டுநிலத்தில், வயலும் மரச்சோலையும் சூழ, நகரிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்தமையால் அங்குள்ளோரே அதனைக் "குட்டிச் சைபீரியா" என்று கேலியாக அழைத்தனர். புகையிரத நிலையம் எதுவும் அங்கு என்றும் இருந்ததில்லை. குரோய்டன் மத்திக்கு வருவதற்குப் பேருந்தையே நம்பி, நெரிசலில் காத்துக் கிடக்கவேண்டும். வேலை தேடும் இளைஞர்க்கு அத்தொலைவே ஒரு தடையாக நின்றது. ட்ராம் வந்தபின் ஈஸ்ட் குரோய்டன்வரை அரை மணித்தியாலத்திற்குள் வரலாம் என்றாயிற்று.

இன்னொரு மாற்றமும் கவனிக்கத்தக்கது. ட்ராமின் தளமும் தரிப்பிட மேடையும் ஒரே மட்டத்தில் அமைந்தவை. குழந்தை வண்டியுடன் வரும் தாயும், ஊன்றுகோலுடன் வரும் முதியவரும், சக்கர நாற்காலியில் வருபவரும் எவரையும் உதவிக்கு அழையாமல் ஏறலாம். படிகள் கொண்ட பேருந்துகள் பெருவழக்காயிருந்த 2000 ஆம் ஆண்டில் இது சிறிய காரியமன்று. வீட்டுக்குள் அடைபட்டிருந்த எமது தாய்மார் பலர் பிறர் துணையின்றி வெளியே செல்ல இது வழி திறந்தது.

எம்மவர்க்கு இத்தடத்தில் இரு இடங்கள் நன்கு பழகியவை. ஒன்று விம்பிள்டன். எஃபிறா வீதியிலுள்ள கணபதி ஆலயம் 1981 ஆம் ஆண்டிலிருந்து தென் இலண்டன் சைவ மக்களின் சந்திப்பிடமாக விளங்குகின்றது. குரோய்டன், மிட்சம் பகுதிகளிலிருந்து அங்கு செல்லும் அடியார்க்கு ட்ராம் நேர்வழியாயிற்று. மற்றையது வெலஸ்லி வீதி. அங்கேதான் உள்துறை அமைச்சின் குடிவரவுப் பிரிவு இயங்கும் லூனார் ஹவுஸ் என்னும் இருபது மாடிக் கட்டடம் நிற்கின்றது. தஞ்சக் கோரிக்கையின் முதல் வாசலாக எம்மவர் பலர் கண்ட கட்டடம் அது. அதனருகிலேயே இன்று ட்ராம் தரிப்பிடம் உள்ளது. அதிகாலைக் குளிரில் பல வண்டிகள் மாறி, ஆங்கிலம் அறியாத நிலையில் வழி விசாரித்து அவ்விடத்தைத் தேடியலைந்த தலைமுறைக்கு, ஒரே வண்டியில் வாசலருகே இறங்குவதன் அருமை நன்கு விளங்கும்.

அறுபட்ட பாதையின் பொருள்

பாதை அறுபட்டால் மக்கள் என்ன ஆவர் என்பதை எமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 1990 இல் யாழ்ப்பாணத்திற்கான புகையிரதம் நின்றது. ஆனையிறவு மூடப்பட்ட காலத்தில் கிளாலிக் கடனீரேரியை இருளில் படகேறிக் கடந்தோர் எம்மிடையே உள்ளனர். 2002 இல் திறந்த ஏ-9 வீதி 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. யாழ்ப்பாண நிலையத்திற்குப் புகையிரதம் திரும்பி வருவதற்கு 2014 ஒக்டோபர்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த இருபத்து நான்கு ஆண்டுகளில் மருந்தும் கல்வியும் உறவும் எவ்வாறு பாதையோடு சேர்ந்து அறுபட்டன என்பது நாம் வாழ்ந்து கண்ட உண்மை.

இலண்டன் நிலைமையை அத்துன்பத்தோடு ஒப்பிடுதல் பொருந்தாது. இங்கு எவரும் பாதையை மூடவில்லை, அது போடப்படவில்லை என்பதே வேறுபாடு. ஆயினும் ஒரு பாடம் இரண்டிற்கும் பொது. பாதை எங்கு போகின்றதோ அங்கேயே வேலையும் சிகிச்சையும் கல்வியும் எட்டும் தூரத்தில் அமைகின்றன.

எட்டாத வைத்தியசாலைகள்

இச்சேவையின் குறைகளையும் கூறாதுவிடல் நேர்மையன்று. செலவைச் சுருக்குவதற்காகப் பழைய ஒற்றைத் தண்டவாளங்கள் பல இடங்களில் அப்படியே பயன்படுத்தப்பட்டன. எதிர்வரும் வண்டிக்காகக் காத்துநிற்கும் தாமதம் அதனால் நேர்ந்தது. மிட்சம் அருகிலும் விம்பிள்டன் முனையிலும் பின்னர் மேற்கொள்ளப்பட்ட வேலைகள் இதனை ஓரளவு குறைத்தன.

பாதுகாப்பு விடயத்தில் கொடுத்த விலை மிகப் பெரிது. 2016 நவம்பர் 9 ஆம் திகதி அதிகாலை, நியூ அடிங்டனிலிருந்து விம்பிள்டன் நோக்கி வந்த வண்டி சான்டிலண்ட்ஸ் வளைவில் தடம்புரண்டது. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் கடக்கவேண்டிய வளைவில் அது 73 கிலோமீற்றர் வேகத்தில் நுழைந்ததென விசாரணையில் தெரியவந்தது. ஏழு பேர் உயிரிழந்தனர், அறுபதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். காலை ஆறு மணியளவில் ட்ராம் ஏறுவோர் பெரும்பாலும் உழைப்பாளர்கள். எம்மவர் பலரும் அவ்வேளையிலேயே வேலைக்குப் புறப்படுவர். அவ்விபத்தின் பின் மிகை வேகத்தைத் தானாகவே கட்டுப்படுத்தும் பொறிமுறையும், சாரதியின் விழிப்பைக் கண்காணிக்கும் கருவியும் பொருத்தப்பட்டன. 2023 யூலையில் ரி.எவ்.எல். நிறுவனத்திற்கு ஒரு கோடிப் பவுணும், சேவையை நடத்திய நிறுவனத்திற்கு 40 இலட்சம் பவுணும் நீதிமன்றத்தால் தண்டமாக விதிக்கப்பட்டன.

அன்றாட வாழ்வில் உணரப்படும் பெருங்குறை வேறொன்று. இப்பகுதித் தமிழ்க் குடும்பங்கள் நாடும் மூன்று பெரிய வைத்தியசாலைகள் ரூட்டிங்கிலுள்ள சென் ஜோர்ஜஸ், சென் ஹெலியர், முன்னர் மேடே என அழைக்கப்பட்ட குரோய்டன் பல்கலைக்கழக வைத்தியசாலை ஆகியவையாகும். இம்மூன்றில் ஒன்றின் வாசலுக்கேனும் ட்ராம் செல்வதில்லை. நோயாளர் இறங்கிப் பேருந்து மாறியே ஆகவேண்டும்.

வரையப்பட்டும் போடப்படாத பாதை

இக்குறையின் ஒரு பகுதியைத் தீர்க்கக்கூடிய திட்டம் ஒன்று இருந்தது. அதன் பெயர் சட்டன் இணைப்பு. மேட்டன், சட்டன் ஆகிய நகரப் பிரிவுகளை இணைக்கும் புதிய பாதை பற்றி 2018 இன் பிற்பகுதியில் ரி.எவ்.எல். பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. கொலியர்ஸ் வூட்டிலிருந்து சட்டன் வரையான ட்ராம் பாதையே உகந்ததென 2020 பெப்ரவரியில் தெரிவாயிற்று. சென் ஹெலியர் குடியிருப்புப் பக்கமாகச் சென்று, நோதேர்ன் மார்க்கத்துடனும் அது இணைந்திருக்கும்.

சென் ஹெலியருக்கு இன்று புகையிரதப் பாதை அறவே இல்லை என்பதற்கில்லை. 1930 இல் அமைந்த விம்பிள்டன் - சட்டன் பாதை அவ்வழியே செல்கின்றது. ஆனால் அரை மணிக்கு ஒரு வண்டி என்ற அளவிலான சேவையை நம்பி வேலைநேரத்தை எவரும் வகுத்துக்கொள்ள முடியாது. ட்ராமின் சிறப்பு அது அடிக்கடி வருவதிலேயே தங்கியுள்ளது. நேர அட்டவணை பாராமல் தரிப்பிடத்திற்குச் செல்லும் நம்பிக்கையை அது அளிக்கின்றது.

தெரிவு செய்யப்பட்ட அதே ஆண்டின் நடுப்பகுதியில் கொரோனாத் தொற்று ரி.எவ்.எல். நிறுவனத்தின் வருவாயைச் சிதைத்தது. நாற்பது கோடிப் பவுணுக்கு மேல் தேவைப்பட்ட அத்திட்டத்திற்கு அதன் முன்னரும் முழுப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. வேலைகள் இடைநிறுத்தப்பட்டன. பயணிகள் இல்லை என்ற காரணத்தால் அத்திட்டம் நிறுத்தப்படவில்லை. பணமில்லை என்பதாலேயே நிறுத்தப்பட்டது. பணம் எங்கு முதலில் செல்லவேண்டும் என்பதோ அரசியல் தீர்மானம்.

இருப்பதைப் பயன்படுத்தல்

பெரிய பாதைகள் வரும்வரை, ஏற்கெனவே உள்ள வசதிகளை நன்கறிந்து பயன்படுத்துதல் அவசியம்.

முதலாவது, கட்டணம். பேருந்திலோ ட்ராமிலோ முதலில் அட்டையைத் தொட்டதிலிருந்து ஒரு மணித்தியாலத்திற்குள் எத்தனை பேருந்தும் ட்ராமும் மாறினாலும் ஒரே கட்டணமே அறவிடப்படும். 2016 செப்ரெம்பரில் அறிமுகமான இச்சலுகை 2018 இல் விரிவாக்கப்பட்டது. மிட்சத்தில் ட்ராம் ஏறி, வெஸ்ட் குரோய்டனில் இறங்கி, வைத்தியசாலைப் பேருந்தைப் பிடிப்பவர் இரண்டாம் முறை பணம் செலுத்தவேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தமக்குரிய ஒரே அட்டையையே தொடர்ந்து பயன்படுத்தவேண்டும்.

இரண்டாவது, அட்டையைத் தொடும் முறை. ட்ராமில் ஏறுமுன் தரிப்பிடத்திலுள்ள கருவியில் தொடவேண்டும், இறங்கும்போது தொடத் தேவையில்லை. விம்பிள்டன் நிலையம் மட்டும் இதற்கு விலக்கு. அங்கு ட்ராம் ஏறுவோர் நிலைய வாயிலில் தொட்டபின் ட்ராம் மேடையிலும் தொடவேண்டும். தவறினால் புகையிரதக் கட்டணம் அறவிடப்படக்கூடும். அங்கு வந்திறங்குவோர் வெளியேறும் வாயிலில் தொடவேண்டும்.

மூன்றாவது, பிள்ளைகள். 2005 ஆம் ஆண்டிலிருந்து 16 வயதிற்குட்பட்டோர் பேருந்திலும் ட்ராமிலும் இலவசமாகப் பயணிக்கின்றனர். 11 முதல் 15 வயதினர் படமுள்ள ஒய்ஸ்டர் அட்டை பெற்றிருத்தல் வேண்டும். இதனை அறியாது பிள்ளைகளுக்கும் பணம் செலுத்தும் புதிய குடும்பங்களுக்கு அயலவர் எடுத்துரைத்தல் நன்று.

நான்காவது, நகர நடுவைத் தவிர்க்கும் பிற வழிகள். 2010 மே மாதத்தில் ஓவர்கிறவுண்ட் சேவை வெஸ்ட் குரோய்டனை வந்தடைந்தது. 2024 இன் இறுதியில் அது வின்ட்றஷ் மார்க்கம் எனப் பெயர் பெற்றது. அதில் ஏறிக் கனடா வோட்டரில் ஜுபிலி மார்க்கத்திற்கும், வெஸ்ட் ஹாமில் டிஸ்ரிக்ட் மார்க்கத்திற்கும் மாறினால் ஈஸ்ட் ஹாமை அடையலாம். தென் இலண்டன் தமிழரையும் கிழக்கு இலண்டன் தமிழரையும் இணைக்கும் பாதை இது எனலாம். குரோய்டனிலிருந்து சட்டன், கிங்ஸ்டன் ஊடாக ஹீத்றோ விமான நிலையம் செல்லும் பழைய எக்ஸ்-26 பேருந்து 2023 இல் எஸ்.எல்.-7 எனப் பெயர் மாறி, முன்னிலும் அடிக்கடி ஓடத் தொடங்கியது. 2024 இல் குரோய்டனுக்கும் புறொம்லிக்கும் இடையே எஸ்.எல்.-5 விரைவுப் பேருந்து தொடங்கப்பட்டது.

எமது குரல் எங்கே?

பாதைகள் தாமாக வருவதில்லை. குரோய்டன் கவுன்சில் முன்னின்று, பாராளுமன்றச் சட்டம் பெற்று, பத்தாண்டுக்கும் மேலாக முயன்றதனாலேயே ட்ராம் வந்தது. புதிய பாதையோ, பேருந்து மாற்றமோ வகுக்கப்படும்போது ரி.எவ்.எல். பொதுமக்களின் கருத்தைக் கேட்கின்றது. அதற்குப் பதிலளிக்கப் பிரசாவுரிமை தேவையில்லை. எந்த வேளையில், எங்கிருந்து எங்கு செல்கின்றோம், எத்தனை முறை மாறுகின்றோம் என்ற விபரங்களைச் சில வரிகளில் எழுதினாலே அது கணக்கில் சேரும். ஆங்கிலம் எழுதத் தயங்கும் பெற்றோர்க்குப் பிள்ளைகள் துணை செய்யலாம். ஆலயங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் ஊர்ச் சங்கங்களும் தம் அங்கத்தவர் சார்பில் ஒரு கடிதம் எழுதுவதும் கடினமன்று.

இதனிலும் வலிமை வாய்ந்த வழியொன்றும் உண்டு. வதிவிட அனுமதி பெற்றுச் சட்டபூர்வமாக வாழும் பொதுநலவாய நாட்டவர், பிரித்தானியக் கடவுச்சீட்டு இல்லாதிருப்பினும், வாக்காளராகப் பதிவு செய்து இந்நாட்டுத் தேர்தல்களில் வாக்களிக்கலாம். இலங்கையும் இந்தியாவும் பொதுநலவாய நாடுகளே. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தெரிவாகும் இலண்டன் மேயரே போக்குவரத்துத் துறைக்குப் பொறுப்பானவர். இவ்வுரிமையை அறியாத குடும்பங்கள் எம்மிடையே இன்னும் உள்ளன.

அகதியாக வந்தோர் நீண்டகாலம் தம்மை வழிப்போக்கராகவே எண்ணி வாழ்ந்தனர். கிடைத்த வண்டியில் ஏறினர், கிடையாதபோது நடந்தனர். இன்று மூன்றாம் தலைமுறை இம்மண்ணில் பாடசாலை செல்கின்றது. மிட்சத்துக்கும் சட்டனுக்கும், ரூட்டிங்கிற்கும் குரோய்டனுக்கும் இடையேயுள்ள பாதை எமது அன்றாடப் பாதை. சட்டன் இணைப்பு மீண்டும் பேச்சுக்கு வரும் நாளில், எங்கள் கடிதங்களும் அந்த மேசையில் இருக்கவேண்டும்.